ஏழு நாள் எளிய உணவு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. ஆண்டு மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



நாம் மருத்துவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, 2002-ஆம் ஆண்டு முதல் இந்தக் கரக்பூரில், இரயில்வே காரியாலயம் ஒன்றில், சம்பளப் பட்டியல் பார்க்கும் எழுத்தராக இருந்து வருகிறோம். அத்தகைய நாம் உணவைப் பற்றியும் உடலைப் பற்றியும் இம்மேடையில் பேசப் புகுவது துணிவான செயலே. ஆயினும் செயலாளர் அவர்கள் எம்மை விடவில்லை. "படித்ததைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள், நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். பட்டதைச் சொல்லும் தகுதி எமக்கு உண்டு. ஆதலின் ஒப்புக்கொண்டோம்.

இந்நாளில் நம் காலனியில் எந்த வீட்டிற்குச் சென்றாலும் 'டீடாக்ஸ்' என்னும் சொல் காதில் விழுகிறது. உடலில் நஞ்சு சேர்ந்திருக்கிறதாம்; மூன்று நாளில் அதை வெளியேற்றிவிடலாமாம்; அதற்கென ஒரு பொடி, ஒரு சாறு, ஒரு கஷாயம். கைப்பேசியைத் திறந்தால் இச்செய்தியே முன்வந்து நிற்கிறது. இதனை நம்பலாமா, கூடாதா என்று பலர் எம்மைக் கேட்டார்கள். நாம் இரண்டு முறை முயன்றவர்கள். முதன்முறை தவறான வழியில் முயன்று விழுந்தோம். இரண்டாம் முறை எளிய வழியில் முயன்று சிறிது எழுந்தோம். அவ்விரண்டையும் ஒளிக்காமல் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் எமது குடும்பத்தைப் பற்றி ஒரு சொல். எம் தந்தையார் 1974-ஆம் ஆண்டில் ஊரைவிட்டு வந்து இங்குள்ள பணிமனையில் சேர்ந்தவர். மூத்த அன்பர்கள் சிலர் அவரை அறிவர். அவருக்கு நீரிழிவு இருந்தது. நினைவு வந்தால் மாத்திரை, இல்லையேல் இல்லை. விருந்தென்றால் இரண்டு இலை. மறுநாள் அதற்குக் கழுவாயாக முழுப் பட்டினி. 2001-ஆம் ஆண்டில், தமது 49-ஆம் வயதில், மாரடைப்பினால் காலமானார். பணியிலிருக்கும்போது இறந்தவரின் மகன் என்னும் முறையிலேயே எமக்கு இந்த வேலை கிடைத்தது. எமக்கு இப்போது வயது 45. இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டில் எமக்கும் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ஓயாத தாகம், நண்பகலில் சோர்வு, இரவில் பன்முறை எழுதல். இரத்தத்தைச் சோதித்தபோது காரணம் விளங்கியது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 'உணவைச் சீர்செய்க' என்றும் சொன்னார்கள். மாத்திரையை உண்டோம், உணவைச் சீர்செய்வதை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிவந்தோம். நிலுவைக் கோப்புகளை அவ்வாறு தள்ளிப் பழகிய கை அல்லவா!

இரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. 2024-ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு டப்பாப் பொடியைப் பற்றி ஒருவர் புகழ்ந்து கூறக் கேட்டோம். எந்தப் பொடி, யார் விற்றது என்பது இங்கு வேண்டாம். வாங்கிய கை எம்முடையதே. மூன்று நாட்கள் வேறெதுவும் உண்ணாமல், அப்பொடியைக் கரைத்த நீரையும் எலுமிச்சைச் சாற்றையும் மட்டும் பருகவேண்டும் என்பது முறை. நாம் மருத்துவரைக் கேட்கவில்லை. வீட்டில் தடுத்ததையும் பொருட்படுத்தவில்லை. உணவை நிறுத்தினோம், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உண்டோம். பெரும்பிழை அதுவே.

மூன்றாம் நாள் முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். காரியாலயத்தில் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று உடலெங்கும் வியர்த்தது, விரல்கள் நடுங்கின, எதிரிலிருந்த எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எழ முயன்று, நாற்காலியின் பக்கத்திலேயே சாய்ந்து விழுந்தோம். எங்கள் காரியாலய உதவியாளர், ஓய்வு பெறும் வயதிலுள்ள தெலுங்கர், ஓடிவந்து எம் நெற்றியைத் தொட்டார். அவருடைய மனைவிக்கும் இந்நோய் உண்டாதலால் அவருக்கு நிலைமை புரிந்தது. தேநீர்க்கடைக்குச் சென்று மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி வந்து பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. அன்று நாம் பார்த்த பட்டியலில் ஒருவருக்கு ஒரே படியை இருமுறை ஏற்றியிருந்ததைப் பிறகு கண்டோம். பட்டியலைத் திருத்திவிடலாம். அவர் அன்று விடுப்பில் இருந்திருப்பாராயின் எம் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

மாலையில் இரயில்வே மருத்துவரிடம் சென்றோம். வங்காளத்து அம்மையார். நடந்ததைக் கேட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பாபு, நஞ்சை நீக்கும் வேலைக்கு இறைவன் உங்கள் உடலில் முன்னமே ஆட்களை நியமித்திருக்கிறான். கல்லீரலும் சிறுநீரகமும் ஒருநாளும் விடுப்பு எடுப்பதில்லை. நீங்கள் எதற்காகப் புதிய ஆளை வைத்தீர்கள்?" என்றார். இரயில்வேக்காரனுக்கு விளங்கும்படி இதைவிடத் தெளிவாக யாரால் சொல்லமுடியும்?

அவர் விளக்கியதைச் சுருக்கிக் கூறுகிறோம். வளர்ந்த ஒருவருடைய கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உண்ட மருந்து, குடித்த மது, உடலே உண்டாக்கும் கழிவு ஆகியவற்றை மாற்றி வெளியேறத் தக்கனவாகச் செய்வது அதுவே. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடலுக்கே தந்து, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இத்தொழிலைப் பொடியோ சாறோ செய்வதில்லை. 2015-ஆம் ஆண்டில், இத்தகைய நச்சுநீக்க உணவுமுறைகளைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்களும், அவை நஞ்சை வெளியேற்றுகின்றன என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றே எழுதினர். மேலும், நீரிழிவு மாத்திரைகளுள் சில, உணவு குறையும்போது இரத்தச் சர்க்கரையை அளவுக்குமீறித் தாழ்த்திவிடும். எமக்கு நேர்ந்தது அதுவே.

"அப்படியாயின் உணவினால் பயனே இல்லையா, அம்மா?" என்று கேட்டோம். "உண்டு. உடலைக் கழுவ வேண்டியதில்லை. அதன்மேல் ஏற்றும் சுமையைக் குறைத்தாற் போதும். ஒருவேளை உணவையும் விடாமல், ஏழு நாட்கள் எளிய முழு உணவை உண்டு பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நாள்தோறும் காலையில் சர்க்கரையை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அந்த ஏழு நாட்களுக்கு மனம் துணிய மேலும் சில மாதங்கள் ஆயின. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் தொடங்கினோம்.

முழு உணவு என்பது யாது? நிலத்திலும் மரத்திலும் விளைந்த பொருளை, அதன் தவிட்டையும் நாரையும் நீக்காமல், சர்க்கரையும் மைதாவும் மிகுந்த உப்பும் சேர்க்காமல், வீட்டிலேயே ஆக்கி உண்பது. எங்கள் வீட்டு முறை இது. காலையில் முளைகட்டிய பயறும் கேழ்வரகு அடையும். அல்லது காய்கறி மிகுத்துக் கிளறிய கோதுமை ரவை உப்புமா. நண்பகலில் தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால்பங்கு கைக்குத்தல் அரிசிச் சோறு. மற்றொரு கால்பங்கு பருப்பு அல்லது கொண்டைக்கடலை. உடன் சர்க்கரையில்லாத தயிர். மாலையில் ஒரு கொய்யாப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு எட்டு மணிக்குள் இரண்டு கோதுமைச் சப்பாத்தியும் கூட்டும். தேநீர் இரண்டு வேளை, சர்க்கரையின்றி. அப்பளம், ஊறுகாய், மிக்சர், பிஸ்கோத்து, புட்டிப் பானம் ஆகியவற்றிற்கு ஏழு நாள் விடுப்பு. பட்டினி இல்லை, பொடி இல்லை, விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை.

இதற்கு ஊரிலிருந்து ஒன்றும் வரவழைக்க வேண்டியதில்லை என்பதை அன்பர்கள் கவனிக்கவேண்டும். நம் கோல் பஜாரில் வாழைப்பூவும் வாழைத்தண்டும், சுரைக்காயும் கொடிப்பசலையும், பப்பாளியும் கொய்யாவும் மலிவாகக் கிடைக்கின்றன. பிப்ரவரியில் முருங்கைப்பூவைக் கூறுகட்டி விற்கிறார்கள். வங்காளியர் நண்பகல் உணவைக் கசப்புக்காய் சேர்த்த 'சுக்தோ'வுடன் தொடங்குவதும், காளி பூசைக்கு முந்தைய நாள் பதினான்கு வகைக் கீரை சமைப்பதும் நாம் ஆண்டுதோறும் காண்பவை. சித்திரை முதல் நாளில் நாம் செய்யும் வேப்பம்பூப் பச்சடியும், துவாதசியன்று அகத்திக்கீரை உண்ணும் வழக்கமும் அவற்றிற்கு உறவு போன்றவையே. இருவர் வீட்டிலும் வழக்கம் இருக்கிறது. ஆண்டிற்கு ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது.

இனி அந்த ஏழு நாட்களில் நடந்தவை. முதல் நாள் உற்சாகமாகச் சென்றது. இரண்டாம் நாள் தலைவலி வந்தது. நாளொன்றுக்கு ஆறு முறை தேநீர் பருகியவர் திடீரென்று இரண்டாகக் குறைத்தால் அவ்வாறு வருமாம். நஞ்சு வெளியேறுவதன் அறிகுறி அன்று. மூன்றாம் நாள் வயிற்றில் காற்று. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டியதன் விளைவு அது. பயற்றின் அளவைக் குறைத்து நீரை மிகுதியாகப் பருகியபின் அடங்கியது. நான்காம் நாள் எமது மகள், "அப்பாவுக்கு நோய் என்றால் எனக்கு ஏன் சுரைக்காய்?" என்று தட்டைத் தள்ளினாள். அவள் கேட்டது நியாயமே. பிள்ளைகளுக்கு வழக்கமான உணவையும் பாலையும் முட்டையையும் கொடுத்து, காய்கறியை மட்டும் கூடுதலாக வைத்தோம். ஐந்தாம் நாள் முதல் நண்பகல் சோர்வு குறைந்தது. இரவில் எழுவதும் குறைந்தது.

இவற்றையெல்லாம்விட எமக்குக் கண்ணைத் திறந்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். வாயில் போடுவது எதுவாயினும் அதில் எழுதவேண்டும் என்பது எம் துணைவியாரின் கட்டளை. தொடங்குவதற்கு முந்தைய நாளின் கணக்கையும் எழுதச் சொன்னார்கள். வீட்டில் சர்க்கரை இல்லாத தேநீர் இரண்டு என்று எழுதி நிறுத்தினோம். "ஆபீசில்?" என்றார்கள். நான்கு மண்குவளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. "அது கணக்கில் சேருமா?" என்றோம். "ஆபீசில் குடிப்பது வேறு வயிற்றுக்கா போகிறது?" என்றார்கள். எட்டுக் கரண்டி ஏறக்குறைய 32 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் கூறிய அறிவுரைப்படி, நலமுள்ளவர்க்கே நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருத்தல் நன்று. இரண்டு ஆண்டுகளாக மருத்துவரிடம், 'சர்க்கரை சேர்ப்பதில்லை' என்று சொல்லி வந்தோம். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. கணக்கைப் பார்க்காமலே சொன்னோம். பிறருடைய கணக்கில் பத்து ரூபாய் பிசகினால் கண்டுபிடிக்கும் நாம், நம்முடைய கணக்கை ஒருநாளும் தணிக்கை செய்ததில்லை.

மற்றொன்றையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எளிய உணவு என்று பெயர். ஆனால் ஆக்குபவர்க்கு அது எளியதன்று. ஒரு வாழைப்பூவை ஆய்ந்து நறுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. கீரை ஆய்வது அதற்குக் குறைந்ததன்று. உடல்நலம் எமக்கு, உழைப்பு அவர்களுக்கு என்றால் அம்முறை எட்டாம் நாள் நில்லாது. மூன்றாம் நாள் மாலை நாமே அரிவாள்மனையின் முன் அமர்ந்தோம். முதலில் நறுக்கியது பார்க்கத் தக்கதாயில்லை. இப்போது பரவாயில்லை என்கிறார்கள். இம்முயற்சியை மேற்கொள்ளும் ஆடவர்கள் கத்தியைக் கையிலெடுத்த பின்னரே டப்பாக்களைத் தூக்கியெறிய வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

ஏழு நாள் முடிவில் கண்ட பயன் என்ன? எடை 78 கிலோவிலிருந்து 76.4 ஆயிற்று. மகிழ்ந்தோம். "பெரும்பாலும் தண்ணீர்" என்றார் மருத்துவர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து செலவாகும்போது அதனோடு சேர்ந்த நீரும் போய்விடுமாம். அவர் சொன்னவாறே இரண்டு வாரத்தில் எடை 77 ஆயிற்று. வெறும்வயிற்றுச் சர்க்கரை 148-லிருந்து 131-க்கு இறங்கியது. அதையும் அவர் பெரிதாக எண்ணவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையையே நோக்கினார். அது தொடக்கத்தில் 7.8 ஆக இருந்தது; ஆறு மாதங்களுக்குப் பின் 7.1 ஆயிற்று. நோய் நீங்கவில்லை. மாத்திரையும் தொடர்கிறது. ஆயினும் எண் இறங்கும் திசையில் செல்கிறது.

அந்த ஆறு மாதமும் அதே உணவையா உண்டோம் என்று கேட்பீர்கள். இல்லை. ஏழு நாள் கழிந்தபின் நின்றவை மூன்றே: சர்க்கரையில்லாத தேநீர், தட்டில் பாதி காய்கறி, இரவு எட்டு மணிக்குள் உணவு. இட்லியும் உண்கிறோம், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் இரண்டு கவளமும் உண்கிறோம். ஏழு நாள் நோன்பு நோயை ஓட்டவில்லை. நம் கை எங்கெங்கே போகிறது என்பதை நமக்குக் காட்டியது. அதன் பயன் அவ்வளவே; அது சிறிதன்று.

இக்கருத்து புதியதுமன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், வள்ளுவர் மருந்தின் பெயரைச் சொல்வதைவிட, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே மிகுதியும் பேசுவதைக் காணலாம். தவிட்டின் அருமையை உணர்த்தும் செய்தி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. தீட்டிய அரிசியையே உண்டவர்க்கு வந்த 'பெரிபெரி' நோயை ஆராய, 1918-ஆம் ஆண்டில் நம் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், உப்பு 5 கிராமுக்கு மேற்படாமை என்று 2024-ஆம் ஆண்டில் நமக்கு வழிகாட்டியிருப்பது அந்நிறுவனமே. காந்தியடிகளும் 1929-ஆம் ஆண்டில் சமைக்காத உணவையே உண்டு சோதித்தார், உடல் அதற்கு இசையாதபோது கைவிட்டார், அதனை மறைக்கவுமில்லை. சோதனை என்றால் அவ்வாறு இருக்கவேண்டும். பொடி விற்பவர் தோல்வியை எழுதுவதில்லை.

முயல விரும்பும் அன்பர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் வளரும் பிள்ளைகளும் உணவைக் குறைக்கலாகாது. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஒருவேளை உணவையும் விடலாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்குப் பழமும் கீரையும்கூட அளவுக்கு மிஞ்சினால் தீங்காகும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லவேண்டும். வியர்வை, நடுக்கம், கண் மங்கல் தோன்றினால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகுக. கால் மணி நேரத்தில் தெளியாவிடில் மீண்டும் பருகி, மருத்துவமனைக்கு விரைக. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

அன்பர்களே! 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல். நம் காலனியில் எத்தனை வீடு என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எம் தந்தையார் விருந்துக்கும் பட்டினிக்கும் இடையே ஆடியவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை. அவர் இறந்ததனால் கிடைத்த நாற்காலியில் அமர்ந்து, அவர் செய்த பிழையையே நாமும் செய்தோம்.

எமது மகன் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் படிக்கிறான். அவன் படிப்பான், தேர்வெழுதுவான், தக்க வேலை பெறுவான். எமக்குக் கிடைத்த வழியில் அவனுக்கு வேலை கிடைக்கவேண்டாம். அதற்காகவே ஒவ்வொரு மாலையும் வாழைப்பூ நறுக்குகிறோம்.

கூட்ட முடிவில் தேநீர் வழங்குவார்கள். சர்க்கரையில்லாத பாத்திரம் இடப்பக்கம் இருக்கிறது.